கீழே ஆள் இருக்கு

அந்த வீட்டில் குடும்ப ஜெபத்திலிருந்து யாரும் தப்பித்தது கிடையாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கூடத்தில் பாய் விரித்துவிடுவார்கள். ஒரு பாட்டு, ஆளுக்கொரு வசனம், வேதத்தில் ஒரு பகுதி, அதன் பிறகு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம். தலைவலி, பரீட்சை, சோம்பல் எதுவும் அங்கே செல்லாது. வெளியூரில் வேலை பார்க்கிற மகனுக்குக்கூட விலக்கு இல்லை. கைப்பேசியில் அவனைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, பாயின் நடுவில் வைத்துவிடுவார்கள். ஜெபம் கொஞ்சம் நீண்டால் போதும், கைப்பேசியிலிருந்து குறட்டை கிளம்பும். அதனால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

இந்த ஜெபத்துக்குச் சட்டதிட்டம் வேறு. ஒருவர் ஜெபிக்கும்போது கண்ணைத் திறக்கக்கூடாது, குறுக்கே பேசக்கூடாது. ஜெபத்தில் சொன்னதை ஆமெனுக்குப் பிறகு கிளறி எடுத்துப் பேசவே கூடாது. கடைசிச் சட்டம் வீட்டுக்காரம்மா போட்டது. அதனால் அதிகம் ஆதாயம் அடைந்ததும் அந்தம்மாதான். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிறவர், புருஷனிடம் நேரடியாகச் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவர் வழியாக அனுப்பிவிடுவார்.

“ஆண்டவரே, இந்த வீட்டுல ஒருத்தர் கிரீஸ் கையைப் புதுத் துண்டுல துடைக்கிறார். அவருக்கு நல்ல புத்தியைத் தாரும்.”

அந்த ஒருத்தர் தன் முறை வரும்வரை காத்திருப்பார். “ஆண்டவரே, பழைய துண்டை எங்க வச்சிருக்காங்கன்னு யாருமே அந்த ஒருத்தன்கிட்ட சொல்லலை. அதையும் நீர் அறிவீர்.”

மகள் வாலு உதட்டைக் கடித்துக்கொண்டு குலுங்குவாள். கல்லூரி முடிக்கப்போகிறாள், பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த ஒருத்தர் லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். தெருவுக்கே லிஃப்ட்காரர். எல்லாரும் ஜெபித்து முடித்தபிறகு கடைசியாக அவர் ஜெபிப்பார். அவருடைய ஜெபம் பெரும்பாலும் பெயர்கள்தான், அதுவும் பட்டப்பெயர்கள். மேனேஜரம்மா, தூங்குமூஞ்சி, வாலு, அப்புறம் ஒல்லி. மேனேஜரம்மா என்றால் மனைவி. ஒல்லி அவரோடு வேலை செய்கிற கூட்டாளி. “ஆண்டவர்கிட்டயாவது ஒழுங்காப் பேர் சொல்லக்கூடாதா?” என்று மனைவி சலித்துக்கொள்வார். “அவருக்கு ஆள் தெரியாமலா போயிடும்? அது என்ன பாஸ்போர்ட் ஆபீஸா?” என்பார் இவர். ஒவ்வொரு பெயரையும் சொல்லி, “இவங்களைக் காத்துக்கொள்ளும்” என்று முடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

சிரிப்புக்காக ஆரம்பித்த ஜெபம் இல்லை அது, பயத்தில் பிறந்தது. கல்யாணமான புதிதில் அவர் வேலையிலிருந்து வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் பசி ஓடிவிடும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. லிஃப்ட் குழியின் இருட்டும், தலைக்கு மேலே தொங்குகிற கூண்டும் கூடவே வீட்டுக்கு வந்துவிடும். ஒருநாள் அந்தப் புதுப்பெண் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “என்கிட்ட சொல்ல வெட்கமா இருந்தா அவர்கிட்ட சொல்லுங்க. நான் கண்ணை மூடிக்கிறேன்” என்றாள். அவர் சொன்னார். சொல்லச் சொல்ல அழுகை வந்தது, அழுதபின் பசி வந்தது. அன்றிலிருந்து எந்த வேலைக்கும் அவர் பயந்து பின்வாங்கியதில்லை. பயம் இல்லாமல் போனது என்று அர்த்தமில்லை. சாயங்காலமானால் அதை இறக்கி வைக்க ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர்தான் இப்போது சில நாட்களாக ஜெபத்தில் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் எல்லாம் சில்லறை மறதிதான். ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார். பால் வாங்கப் போனவர் கடைக்கு எதிரே நின்றுகொண்டு எதற்கு வந்தோம் என்று யோசித்தார். வயசாச்சுல்ல என்று வீட்டில் கேலி செய்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் அவருக்குத் தன் அப்பாவின் நினைப்பு வந்து வந்து போனது. அப்பா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளையையே பார்த்து, “யாருப்பா நீ, யாரைப் பார்க்கணும்?” என்று மரியாதையாக விசாரித்தவர்.

பிறகு அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்து வேலை வந்தது. லிஃப்ட் நடுவழியில் நின்று நின்று போகிறது என்று புகார். ஒல்லி குழிக்குள் கூண்டின் கூரைமேல் ஏறி நின்று ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரைமேலேயே நிறுத்துகிற பொத்தான் ஒன்று உண்டு, ஆனால் அன்றைக்குக் கெட்டுப்போயிருந்ததே அந்தப் பொத்தானின் ஒயர்தான். அதனால் இவர் மொட்டைமாடியில் உள்ள மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்சை இறக்கி, அதற்குத் தன் பூட்டையும் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். கீழே இருப்பவன் உயிர் அந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி பதில் உண்டு. ஸ்விட்சைத் தொடுவதற்கு முன்னால், அறைத் தரையில் கம்பிக்கயிறு இறங்குகிற ஓட்டையைப் பார்த்து இவர் கத்த வேண்டும். “ஒல்லி, போடவா?” கீழேயிருந்து, “கீழ ஆள் இருக்கு!” என்று வந்தால் தொடக்கூடாது. “வெளிய வந்தாச்சு, போடுங்க!” என்று வந்தால் போடலாம். பதிலே வராவிட்டால் இறங்கிப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அதை அவர்கள் மீறியதில்லை.

அன்று அவர் தண்ணீர் குடிக்க மொட்டைமாடிக்கு வந்தார். நல்ல வெயில். குடித்துவிட்டு உள்ளே திரும்பினார். மெயின் ஸ்விட்ச் இறங்கிக் கிடக்கிறது, பூட்டு வேறு தொங்குகிறது. யார்டா இதைப் பூட்டி வச்சது என்று அவருக்கு எரிச்சல்தான் வந்தது. சட்டைப்பையில் துழாவினார், சாவி இருந்தது. பூட்டைத் திறந்து ஆணியில் மாட்டினார். கைப்பிடியில் கையை வைத்தார்.

அப்போது ஓட்டை வழியாக ஒரு பாட்டு வந்தது. ஒல்லிக்குப் பாட வராது. ஆனாலும் வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒரே ராகத்தில் கொன்று போடுவான். இவர் திட்டாத நாளில்லை. அந்தக் கர்ணகடூரம்தான் அன்றைக்கு அவனைக் காப்பாற்றியது.

அவர் கையை எடுத்தார். கை தன்னுடையது மாதிரியே இல்லை. பூட்டைத் திரும்ப மாட்டினார், சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, மேல என்ன சத்தம்?”

“ஒண்ணுமில்லடா. நீ வேலையைப் பாரு.”

அன்று சாயங்காலம் ஜெபத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. வழக்கம்போல ஸ்தோத்திரம் சொன்னார். மேனேஜரம்மா என்றார், தூங்குமூஞ்சி என்றார், ஒல்லி என்றார். ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தால் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, என் பேரை விட்டுட்டீங்க!” என்று வாலு சிரித்தாள். “நாளைக்கு பஸ்ல எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு, சொல்லிட்டேன்.”

“சொன்னேனே” என்றார் அவர்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. விட்டது பெரிதில்லை. விட்டதே அவருக்குத் தெரியவில்லை. மனைவி எழுந்து தட்டுகளை எடுத்து வைத்தார். மருந்துக்கடையில் எந்த மாத்திரை எந்த வியாதிக்கு என்று அந்தம்மா பார்க்காமலே சொல்வார். சில மாத்திரைகளை வாங்க வருகிறவர்கள் கூடவே ஒரு வயதானவரைக் கையைப் பிடித்து அழைத்து வருவார்கள். அந்த முகங்கள் அவருக்கு அத்துப்படி.

மறுநாள் காலையில் லிஃப்ட்காரர் மகளோடு பஸ் நிறுத்தம்வரை நடந்தார். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில்கூட அப்படிப் போனதில்லை. “என்னப்பா திடீர்னு?” என்றாள். “சும்மாதான்” என்றார். சாலையைக் கடக்கும்போது அவள் கையைப் பிடித்தார். பஸ் வந்தது, அவள் ஏறினாள், கதவு சாத்திக்கொண்டது. மத்தியானம் அவளுக்குப் போன் செய்தார். வகுப்பில் இருந்தவள் எடுக்கவில்லை. அவள் திரும்பக் கூப்பிடும்வரை அவர் ஒரு திருகாணியைக்கூடத் திருகவில்லை. ஆண்டவர் என்ன, பெயர் சொன்னால்தான் காவல் காக்கிற வாட்ச்மேனா? அப்படியெல்லாம் இல்லை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பூட்ட மறந்த பூட்டு ஒன்று எங்கோ தொங்குகிறது என்றே தோன்றிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஜெபத்தில் அவர் பெயர்களை மெதுவாக, விரல்விட்டு, ஒவ்வொன்றாகச் சொன்னார். வேலை நேரத்திலும் வாய்க்குள் அதையே முணுமுணுத்தார். ஒன்றை விட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். பெயர்களை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க மற்றதெல்லாம் நழுவியது. ஒருநாள் தன் தெருவைத் தாண்டிப் போய்விட்டு, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டுக்குக் கம்பிக்கயிறு முழுவதையும் மாற்ற வேண்டும். பெரிய வேலை. ஒல்லி குழிக்குள் கூண்டின்மேல், இவர் மேலே ஸ்விட்சில். “மேல நீங்க நின்னாத்தாண்ணே எனக்கு நிம்மதி. வேற எவனையும் நம்ப முடியலை” என்றார் சூப்பர்வைசர்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார். சொன்னால் வேலை போகும். மறந்துபோகிறவனுக்கு லிஃப்ட் குழியில் இடமில்லை. வேறு தொழிலும் கையில் இல்லை. சொல்லாவிட்டால் ஒல்லி போவான். ஒல்லிக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. அது சிரித்தால்கூட அண்ணனிடம் ஓடிவந்து சொல்வான். இத்தனையும் நினைத்துக்கொண்டு திறந்த வாய், “சரி சார்” என்றது. சீ, இதுவும் ஒரு வாயா என்று படியிறங்கும்போது தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒல்லி கருவிப் பையை எடுத்துப்போக வந்தான். மழை பிடித்துக்கொண்டது. அண்ணி கொடுத்த டீயைக் குடித்தான். அவனுடைய ஒட்டிய வயிற்றுக்கும் நீளமான கால்களுக்கும் அந்த வீட்டில் எப்போதும் கேலி உண்டு, அன்றைக்கும் வாலு விடவில்லை, லிஃப்ட்காரரும் சேர்ந்துகொண்டு சிரித்தார்.

“மழை விடட்டும், ஜெபம் முடிச்சுட்டு சாப்பிட்டுப் போகலாம் தம்பி” என்றார் அண்ணி.

பாயில் இடம் இருந்தது. அவன் ஈரக்காலோடு அதில் உட்காராமல், வாசல் பக்கம் செருப்பு வைக்கும் அலமாரியில் சாய்ந்து, லிஃப்ட்காரருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தான். கைப்பேசியில் தூங்குமூஞ்சி வந்தான். பாட்டு பாடினார்கள். ஒல்லி பாடாமல் இருந்தது அண்ணி கேட்டுக்கொண்டதால். வாலு வேதத்தை எடுத்துப் பயப்படாதே என்று வருகிற ஒரு பகுதியை வாசித்தாள். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

மனைவியின் முறை வந்தது.

“ஆண்டவரே, இந்த வீட்டுல ஒருத்தர் எதையோ மறைக்கிறார். அவருக்கு என்ன வந்திருக்குன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன். தெரியாத மாதிரி நடிச்சு நடிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. முன்னாடி ஒருநாள் அவர் உம்மகிட்ட பயத்தைச் சொன்னார், நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன். இன்னிக்கும் மூடிக்கிட்டுதான் இருக்கேன். அவர் வாயைத் திறக்கச் சொல்லும்.” குரல் உடைந்தது. “கெஞ்சிக் கேக்கிறேன்.”

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். ஸ்தோத்திரம் சொன்னார். பெயர்களைத் தொடங்க வேண்டும். எதுவுமே வரவில்லை, ஒரே ஒரு பெயரைத் தவிர.

“ஆண்டவரே, ஒல்லி...” என்றார். “ஒல்லியை நான் கொல்லப் பார்த்தேன்.”

பாயில் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

“அவன் கீழ இருந்தான். அவன் இருக்கிறதே எனக்கு மறந்துபோச்சு. நானே போட்ட பூட்டை நானே திறந்து, ஸ்விட்சுல கை வச்சுட்டேன். அவன் மட்டும் பாடலைன்னா இந்நேரம் அவன் பிள்ளைக்கு அப்பன் இல்லை. இது அவனுக்குத் தெரியாது ஆண்டவரே. நாளைக்கு அவன் என்னை நம்பிக் குழிக்குள்ள இறங்கப்போறான். அவன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? நீரே எப்படியாவது அவனுக்குச் சொல்லிடும். எனக்குப் பயமா இருக்கு. எங்க அப்பாவுக்கு வந்தது எனக்கு வந்துடுச்சு. என் பொண்ணு பேரையே விட்டுட்டேன். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

பிறகு அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து, அடங்கின குரலில் ஒரு பதில் வந்தது.

“கீழ ஆள் இருக்குண்ணே.”

ஒல்லி வந்தது, டீ குடித்தது, பின்னால் போய் உட்கார்ந்தது எல்லாமே அவர் நினைவிலிருந்து துடைத்துப் போட்டது மாதிரி போயிருந்தன. கொஞ்சம் முன்னால் அவனைக் கேலி பண்ணிச் சிரித்திருக்கிறார். அன்றைக்கு மோட்டார் அறையில் நடந்தது இன்றைக்கு இந்தக் கூடத்தில், பெண்டாட்டி பிள்ளைகளுக்கு முன்னால், அப்படியே திரும்ப நடந்திருக்கிறது. திரும்பிப் பார்க்க அவருக்குக் கழுத்து வரவில்லை. கண்ணைத் திறக்கவும் பயந்தார். திறந்தால் இவர்கள் யார் என்று கேட்டுவிடுவோமோ என்று பயந்தார்.

“நிறுத்தாதீங்க” என்றார் மனைவி. குறுக்கே பேசக்கூடாது என்கிற சட்டத்தை அந்தம்மாவே மீறினார். “எப்பவும் போலப் பேரைச் சொல்லுங்க. சொல்லுங்க, நாங்க பதில் கொடுக்கிறோம்.”

அவர் ஒரு விரலை மடக்கினார்.

“மேனேஜரம்மா.”

“இருக்கேங்க.”

“தூங்குமூஞ்சி.”

“இருக்கேன்ப்பா” என்றது கைப்பேசி. “சத்தியமா முழிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.” அவன் அழுதுகொண்டிருந்தான்.

அடுத்த பெயர் வரவில்லை. அவர் தேடினார். நாக்கு நுனியில்கூட இல்லை. அங்கே ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. கை பாயைப் பிறாண்டியது. அந்தக் கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டது.

“நான் இருக்கேன்ப்பா” என்றாள் வாலு. “நீங்க கூப்பிடாட்டியும் இருப்பேன்.”

அவர் வாய்விட்டு அழுதார். கல்யாணமான புதிதில் அழுதது மாதிரி, வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக அழுதார். யாரும் தடுக்கவில்லை. அழுது தீர்ந்தபின் கண்ணைத் திறந்தார். எல்லாரையும் தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து அந்தச் சாவியை எடுத்துப் பின்னால் நீட்டினார். ஒல்லி வாங்கிக்கொண்டான். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். விஷயம் அவனுக்கு உறைத்துவிட்டது, அவனும் மனிதன்தானே.

“நாளைக்கு மேல வேற ஆளைப் போடச் சொல்லுடா” என்றார். “நான் இனிமே ஸ்விட்சைத் தொட மாட்டேன்.”

“சூப்பர்வைசர்கிட்ட நானும் வந்து பேசுறேண்ணே. ஆனா அண்ணி, ஜெபத்துல சொன்னதை வெளிய பேசக்கூடாதுன்னு இந்த வீட்டுல...”

“ஆமென் இன்னும் யாரும் சொல்லலை தம்பி” என்றார் அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டு. “பேச வேண்டியதையெல்லாம் உள்ளேயே பேசிடுங்க.”

பேசினார்கள். எந்த டாக்டரிடம் போவது, முதலாளியிடம் யார் சொல்வது, வருமானத்துக்கு என்ன வழி, எல்லாவற்றையும் ஆண்டவரைச் சாட்சியாக உட்கார வைத்துக்கொண்டு பேசினார்கள். கோபம்கூட வந்தது. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லண்ணே” என்று ஒல்லி குரலை உயர்த்தினான், அப்புறம் அவனே மன்னிப்பும் கேட்டான். டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்பது அந்தம்மாவுக்கு அநேகமாகத் தெரியும். அதையும் மறைக்காமல் சொன்னார். இது சரியாகிவிடும் என்று அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. இனி ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் போகும். பெயர்கள் போகும், முகங்களும் போகும். பயம் போகவில்லை. ஆனால் அதை அவர் இனிமேல் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அந்த மனிதருக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான், அது போதுமானதாக இருந்தது. அவருக்குப் பசித்தது.

“அப்பா, முடிச்சு வைங்க” என்றாள் வாலு. “சோறு ஆறிப்போச்சு.”

அவர் கண்ணை மூடினார். ஆமென் சொல்லப் போனவர் நிறுத்தினார். பின்பக்கம் லேசாகத் தலையைத் திருப்பினார்.

“ஒல்லி, போடவா?”

அவன் செருப்பு அலமாரியை விட்டு எழுந்து வந்து, ஈரக்காலோடு பாயில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“வெளிய வந்தாச்சுண்ணே. போடுங்க.”

லிஃப்ட்காரர் ஆமென் சொன்னார்.